ஏரியைக் காக்கச் சட்டம் உண்டு, ஆயக்கட்டைக் காக்க?

சென்னைப் புறநகரில் தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் போனால் சிட்லபாக்கம் ஏரி இருக்கிறது. கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையிலும் மாலையிலும் ஊர்க்காரர்கள் அதில் நடக்கிறார்கள். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு விவசாயி அந்தக் கரையில் ஏறி நின்றால், தண்ணீரைப் பார்த்துவிட்டு அடுத்தபடியாக அவர் திரும்பிப் பார்ப்பது கரைக்குக் கீழ்ப்புறத்தைத்தான். இந்தத் தண்ணீர் பாயும் வயல் எங்கே என்றுதான் அவர் கண் தேடும். அங்கே தெருக்களும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. ஏரி மிஞ்சியிருக்கிறது. ஆயக்கட்டு போய்விட்டது.

இது நகரத்தார் விஷயம்தானே, விவசாயப் பகுதியில் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டு அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் கிராமங்கள் நூற்றுக்கணக்கில் அதற்குள் வந்துவிட்டன. ராணிப்பேட்டை மாவட்டத்தில் அரக்கோணம் பக்கமும் சேர்ந்திருக்கிறது. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று இன்னும் நடவு நடக்கும் கிராமங்கள் இவற்றில் ஏராளம். சிட்லபாக்கம் அரை நூற்றாண்டுக்கு முன்பு எந்த நிலையில் இருந்ததோ, இந்தக் கிராமங்கள் இன்று ஏறத்தாழ அந்த நிலையில் இருக்கின்றன. ஆகவே அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு லாபம்.

சிட்லபாக்கம் ஏரி ஒரு காலத்தில் 86 ஏக்கருக்கு மேல் இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது சுமார் 47 ஏக்கர். குப்பை ஏரியின் ஓரத்திலேயே பல ஆண்டுகள் கொட்டப்பட்டது. வீட்டுக் கழிவுநீரும் ஏரிக்குள் வந்தது. 2019 கோடையில் சென்னை முழுவதும் தண்ணீருக்குத் தவித்தபோது, உள்ளூர் மக்களே மண்வெட்டியும் கூடையுமாக ஏரிக்குள் இறங்கினார்கள். அந்த ஆண்டே ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய்த் திட்டத்தை அரசு அறிவித்தது. 2021 நவம்பரில் சிட்லபாக்கம் பேரூராட்சி புதிய தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. ஏரியை மீட்கப் பாடுபட்ட ஊர்க்காரர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் விவசாயி வேறு ஒரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். பாதி ஏரியை, அதுவும் ஆயக்கட்டு இல்லாத ஏரியை, சரிசெய்ய 25 கோடி ரூபாய் என்றால், முழு ஏரியும் ஆயக்கட்டும் உயிரோடு இருந்தபோதே காத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும்?

ஆயக்கட்டு போனால் ஏரி ஏன் கெடுகிறது?

இது நம் விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. ஆகவே சற்று விரிவாகவே சொல்லலாம்.

ஏரி என்பது கரைக்குள் நிற்கும் தண்ணீர் மட்டும் அல்ல. மேலே நீர்ப்பிடிப்பு, அங்கிருந்து வரும் வரத்துக் கால்வாய், பிறகு ஏரி உள்வாய், கரை, மதகு, கலங்கல், கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் போக்குக் கால்வாய், மதகிலிருந்து வயலுக்குப் போகும் பாசன வாய்க்கால், கடைசியில் வயல். இத்தனையும் சேர்ந்ததுதான் ஏரி. இவற்றைப் பார்த்துக்கொண்டது யார்? ஆயக்கட்டு விவசாயிதான். கோடையில் ஏரி வறண்டதும் வண்டல் மண்ணை வண்டியில் ஏற்றி வயலில் போட்டவர் அவர். அதனால் வயலுக்கு உரமும் ஏரிக்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைத்தன. ஐப்பசி மழைக்கு முன்பு வரத்துக் கால்வாயில் செடி கொடி வெட்டியவர் அவர். கரையில் நண்டு வளை கண்டால் மிதித்து அடைத்தவர் அவர். யாராவது உள்வாயில் வேலி போட்டால் முதலில் சண்டைக்குப் போனவரும் அவரே. நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் கொடுத்து மதகைத் திறக்க, மூட வைத்தது அந்த ஆயக்கட்டுதான். இதையெல்லாம் அவர் ஊருக்கு உபகாரம் என்று செய்யவில்லை. செய்யாவிட்டால் தன் பயிர் காயும் என்பதால் செய்தார். அந்தச் சுயநலம்தான் ஏரிக்குக் காவல்.

வயல் மனையாக மாறியதும் அந்தக் காவல் கலைந்துவிடுகிறது. அதோடு போகாமல் எல்லாம் தலைகீழாகிறது. ஏரி நிரம்புவது நல்லது என்று நினைத்தவர் இருந்த இடத்தில், ஏரி நிரம்பினால் ஆபத்து என்று நினைப்பவர் வந்து குடியேறுகிறார். ஆயக்கட்டு கரைக்குக் கீழே, பள்ளத்தில் இருப்பது. நெற்பயிர் இரண்டு நாள் தண்ணீர் தாங்கும். வீட்டுக் கூடம் தாங்காது. எனவே மழை பலத்தால் கலங்கலை வெட்டிவிடு, கரையை உடைத்துவிடு என்று கூக்குரல் எழும்புகிறது. பாசன வாய்க்கால் தெருச் சாக்கடை ஆகிறது. போக்குக் கால்வாய் அகலம் குறைந்து சிமெண்டு ஓடை ஆகிறது. மதகு அடைபடுகிறது. இதில் குடியிருப்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் சேமிப்பைக் கொட்டி மனை வாங்கியவர். அந்த மனை ஒரு ஏரியின் பள்ளக்கால் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு மேல் சிட்லபாக்கம் ஒரு தனி ஏரி அல்ல. அதன் உபரி செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளுக்கும் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர வேண்டும். பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கடலுக்கும். மேல் ஏரியில் ஒரு தவறு நடந்தால் கீழே நான்கு ஊர் தாங்க வேண்டும். 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அவ்வளவு மழை எந்த ஊரில் பெய்தாலும் கஷ்டம்தான். ஆனால் தண்ணீர் தங்க வயலும் போக வாய்க்காலும் இருந்திருந்தால் கஷ்டம் இத்தனை நாள் நீடித்திருக்காது.

இருக்கும் சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

நம் மாநிலத்தில் ஏரிகளைக் காக்கச் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டில் ஒரு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம், நீர்நிலைகளை அடையாளம் கண்டு ஆக்கிரமிப்புகளை அகற்றும்படி அரசுக்கு உத்தரவிட்டது. 2007-ம் ஆண்டில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. பொதுப்பணித்துறை ஏரிகளை அளந்து எல்லை குறிக்க வேண்டும், வரைபடம் வெளியிட வேண்டும், எல்லைக்குள் இருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் கண் ஏரி எல்லைக் கல்லோடு நின்றுவிடுகிறது. கல்லுக்கு உள்ளே ஒரு குடிசை போட்டால் குற்றம். கல்லுக்கு வெளியே, மதகுக்கு நேர் கீழே, 50 ஏக்கர் நன்செய் முழுவதையும் மனையாக்கினால் இந்தச் சட்டத்துக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உள்வாயில் உழுது பயிர் வைத்தவர்களில் நம்மவர்களும் உண்டு. தண்ணீர் வடிந்த இடத்தில் ஒரு போகம் எடுப்போம் என்று தொடங்கி, அப்புறம் வரப்பு போட்டு, பிறகு பட்டா கேட்டவர்கள் இல்லாத ஊர் குறைவு. இதை மறைத்துவிட்டு நகரத்தாரை மட்டும் ஏசினால் நம் பேச்சை யாரும் மதிக்க மாட்டார்கள்.

விவசாய நிலத்தை மனையாக மாற்றுவதற்குத் தனியே விதிகள் இருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டே, 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போடப்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் நேற்றைய வயல் இன்று முறையான மனை. அங்கீகாரம் பெறும் மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதன்படி ஊஞ்சலும் சறுக்குமரமும் உள்ள பூங்காக்கள் பல உருவாகியிருக்கின்றன. குழந்தைகளுக்கு அவை வேண்டியவைதான். ஆனால் நாலு தெருவுக்கு நடுவே அரை ஏக்கர் பூங்கா இருபது இடத்தில் சிதறிக் கிடந்தால் ஒரு வாய்க்கால்கூட அதில் பிழைக்காது.

காவிரிப் படுகையில் 2020-ம் ஆண்டு வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களிலும் எண்ணெய் எரிவாயுத் துரப்பணம், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் தொழில் முதலியவை புதிதாக வரக் கூடாது என்று அது தடுக்கிறது. நம் மாநிலத்தில் ஒரு வட்டாரத்தையே வேளாண் நிலம் என்று சட்டம் போட்டு ஒதுக்கியது இதுவே. அந்த வகையில் பெரிய அடி. ஆனால் அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. நிலத்தை வயலாகவே வைத்திருக்கும் விவசாயிக்கு அதற்காக ஒரு ரூபாய் கொடுக்கவும் அதில் வழியில்லை. அதோடு, ஏரிகள் மாவட்டம் என்று பெயர் பெற்ற செங்கல்பட்டுப் பகுதிக்கு அத்தகைய சட்டம் எதுவும் இல்லை.

கடல் கடந்து ஓர் உதாரணம்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு எதிர்க்கரையில் ஓக்லாந்து என்று ஒரு நகரம். அங்கே குடிநீர் நிறுவனம் மலைகளில் நீர்ப்பிடிப்புக்காக நிலம் வைத்திருந்தது. 1920-களின் கடைசியில் வேறு ஆற்றிலிருந்து தண்ணீர் வந்துவிட்டதால் பழைய நிலத்தில் ஒரு பகுதி தேவையில்லை என்றாயிற்று. விற்றால் மனையாகிவிடும். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து, பல நகராட்சிகளுக்கும் பொதுவாக ஒரு பூங்கா வட்டாரம் வேண்டும் என்று கேட்டார்கள். கலிபோர்னியா சட்டமன்றம் 1933-ல் அதற்கு வழிசெய்து சட்டம் இயற்றியது. 1934 நவம்பரில் மக்களிடம் வாக்கு எடுத்தார்கள். அது கடும் பொருளாதார மந்த காலம். ஒவ்வொருவரும் சொத்துவரியோடு கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். பெருவாரியான மக்கள் சம்மதித்தார்கள். 1936-ல் முதல் நிலங்களை வாங்கினார்கள். அவற்றுள் ஒன்று டெமஸ்கல் என்ற பழைய குடிநீர் ஏரி.

இன்று அந்த ஈஸ்ட் பே பூங்கா வட்டாரத்தின் கையில் 1,20,000 ஏக்கருக்கு மேல் நிலமும் 70-க்கு மேற்பட்ட பூங்காக்களும் இருக்கின்றன. பூங்கா என்றால் புல்தரையும் பூச்செடியும் என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் மலை, புல்வெளி, ஓடை. அந்தப் புல்வெளிகளில் மாடு மேய்க்கக் குத்தகை விடுகிறார்கள். புல் காய்ந்து தீப்பிடிக்காமல் இருக்க மேய்ச்சலே உதவுகிறது. இதற்கெல்லாம் ஏழு வார்டுகளிலிருந்து மக்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர் கொண்ட வாரியம் பொறுப்பு. 1988-லும் 2008-லும் நிலம் வாங்கக் கடன்பத்திரம் வெளியிடலாமா என்று மறுபடியும் மக்களைக் கேட்டு, சம்மதம் பெற்றார்கள்.

அப்படியே நம்மூருக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே சிறு விவசாயி என்று சொல்லப்படுகிறவர் நம்மூரில் பெரிய மிராசுதார். ஆனால் அதில் மூன்று விஷயங்கள் நமக்குத் தேவை. ஊராட்சி, நகராட்சி எல்லைகளைத் தாண்டி ஒரே அமைப்பு. அதற்கென்று சட்டத்தில் எழுதப்பட்ட சொந்த வருமானம். மந்திரியோ கலெக்டரோ நியமிக்காமல் மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம். நம் ஏரிச் சங்கிலிகளுக்கு இந்த மூன்றும் இல்லை. சிட்லபாக்கத்தையே பாருங்கள். ஏரி நீர்வளத்துறையைச் சேர்ந்தது. சாக்கடைக்கும் குப்பைக்கும் மாநகராட்சி. மனை அனுமதிக்குப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். புறம்போக்குக்கு வருவாய்த்துறை. தண்ணீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைக்கு வனத்துறை. ஓர் ஓடை அடைத்துக்கொண்டால் எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது என்பதே ஒரு பெரிய ஆராய்ச்சி.

இதற்கு முன்மாதிரி தேடி கலிபோர்னியா வரை போக வேண்டியதுமில்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம்! முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதியும் அதில் உண்டு. அந்தச் சபையில் குத்தகைதாரருக்கும் பெண்களுக்கும் இடம் இருக்கவில்லை. அதை நாம் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. கணக்கு விதியை மட்டும் இப்போதே கொண்டுவரலாம்.

விவசாயியின் கேள்வி

இந்த இடத்தில் ஒரு சிறு விவசாயி கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். 'என் ஒண்ணரை ஏக்கரில் நெல் போட்டுக் கடன்தான் மிச்சம். பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்குக் காலேஜ் என்று வந்தால் அந்த நிலம்தான் எனக்கு பேங்க். அதையும் மனையாக விற்கக் கூடாது என்று சட்டம் போட்டால், ஊருக்கு வெள்ளம் வராமல் இருக்க நான் ஒருவன் ஏழையாக இருக்க வேண்டுமா?'

முழுக்க நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாத எந்தச் சட்டமும் நிற்காது, நிற்கவும் கூடாது. வெறும் தடை போட்டால் நிலத்தின் விலை விழும். நஷ்டம் விவசாயிக்கு, லாபம் எல்லோருக்கும் என்பது நியாயம் அல்ல. அப்படிப் போட்ட தடை பத்து வருஷத்தில் ஓட்டை விழுந்து, கடைசியில் பணம் உள்ளவன் மட்டும் மனை போடுவான். விவசாயியிடம் மலிவாக வாங்கிப் போட்டு, தடை நீங்கும்வரை காத்திருக்க அவனால் முடியும், விவசாயியால் முடியாது. புறநகரில் முன்பு நிலம் விற்றவர்கள் கண்ட விலையையும், அதே நிலம் மனையான பிறகு கைமாறிய விலையையும் ஒப்பிட்டால், நடுவில் இருந்த பணம் யாரிடம் போயிற்று என்பது தெரியும்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் சஃபோக் என்ற மாவட்டம். உருளைக்கிழங்கு விளையும் ஊர். நியூயார்க் நகரம் அதை விழுங்க வந்துகொண்டிருந்தது. 1974-ல் அந்த மாவட்ட நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. விவசாயியின் நிலத்தை அரசு வாங்காது. அந்த நிலத்தில் கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கும். மனையாக 100 ரூபாய் பெறும் நிலம் வயலாக 30 ரூபாய்தான் பெறும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 70 ரூபாயை விவசாயிக்குக் கொடுத்துவிடுவார்கள். நிலம் அவருடையதே. உழலாம், குத்தகைக்கு விடலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், விற்கலாம். ஆனால் யார் வாங்கினாலும் அது வயலாகவே இருக்கும். விருப்பம் உள்ளவர் மட்டும் சேரலாம். 1977-ல் முதல் பத்திரங்கள் எழுதப்பட்டன. பின்னர் வேறு பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

கலிபோர்னியாவில் 1965-ல் கொண்டுவந்த இன்னொரு முறையும் உண்டு. பத்து ஆண்டு நிலத்தை வேறு எதற்கும் மாற்ற மாட்டேன் என்று ஒப்பந்தம் எழுதினால், மனை விலைக்கு அல்லாமல் விளைச்சல் மதிப்புக்கு மட்டும் வரி. இது நமக்கு உதவாது. நம் நிலவரி ஏக்கருக்குச் சில ரூபாய். அதைத் தள்ளுபடி செய்தால் ஒரு மூட்டை யூரியாகூட வாங்க முடியாது. தவிர, அந்தத் திட்டத்தில் வரி குறைவதற்காக மாவட்டங்களுக்கு மாநில அரசு கொடுத்து வந்த ஈட்டுத் தொகை, 2009 வாக்கில் பணமுடை வந்ததும் ஏறக்குறைய நின்றுவிட்டது. வருஷா வருஷம் பட்ஜெட்டைப் பார்த்து வாழும் வாக்குறுதிக்கு ஆயுள் குறைவு. உரிமைக்கு விலை ஒரே தவணையில் கையில் வந்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மனை அனுமதிக்கும் கட்டட அனுமதிக்கும் இன்று வசூலிக்கும் வளர்ச்சிக் கட்டணங்கள் எங்கிருந்து வருகின்றன? வயல் மனையாவதிலிருந்துதான். அதில் ஒரு பங்கை, அந்த ஏரிச் சங்கிலியில் மிஞ்சியுள்ள ஆயக்கட்டுக்கே திருப்பிக் கொடுக்கும்படி சட்டத்தில் எழுதினால் போதும். இன்னொரு வழியும் நம் விதிகளிலேயே தயாராக இருக்கிறது. சாலை அகலப்படுத்த நிலம் விட்டுக் கொடுப்பவருக்குப் பணத்துக்குப் பதிலாக, வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமைச் சான்று தருகிறார்கள். அதைக் கட்டடக்காரர்களுக்கு விற்றுக்கொள்ளலாம். சாலைக்குக் கொடுக்கும் சலுகையை வாய்க்காலுக்கும் நன்செய்க்கும் ஏன் கொடுக்கக் கூடாது?

தாம்பரத்தைச் சுற்றி இப்படி வாங்க முடியாது என்பது உண்மை. அங்கே மனை விலைக்கும் வயல் விலைக்கும் இடையே மலை அளவு வித்தியாசம். வாங்குவதற்கு வயலும் இல்லை. உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கங்களில் இன்னும் அந்த வித்தியாசம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. புறவழிச் சாலை அறிவித்த மறுநாள் அது எட்டாது.

எதிர்த் திசையில் ஒரு சட்டம்

இந்தப் பேச்சு நடக்கும்போதே 2023-ம் ஆண்டில் நம் சட்டமன்றம் நில ஒருங்கிணைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக, நடுவே குறுக்கிடும் அரசு நிலங்களை, ஓடை வாய்க்கால் உள்ளிட்ட நீர்நிலைகளோடு சேர்த்து ஒருங்கிணைக்க அது இடம் கொடுக்கிறது. விவசாயச் சங்கங்கள் இதை எதிர்த்தன. நானும் எதிர்க்கும் பக்கம்தான். 2007-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வாய்க்காலோரம் குடிசை போட்ட ஏழைக்கு நோட்டீஸ். 2023-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய திட்டக்காரருக்கு அந்த வாய்க்காலே கிடைக்கும் என்றால், சட்டத்தின் பெயரால் ஏரியைக் காக்கச் சொல்லும் தகுதி அரசுக்கு எங்கிருந்து வரும்? பரந்தூரில் விமான நிலையத்துக்காக நிலம் எடுக்கப்போவதாக 2022-ல் அறிவித்ததிலிருந்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது ஏன் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் திட்டத்துக்குள்ளும் ஏரிகள் இருக்கின்றன.

பள்ளிக்கரணையின் கதை வேறு வகை. பெரும்பகுதியை இழந்த பிறகு, 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேருக்குச் சர்வதேச ராம்சார் தகுதி கிடைத்தது. அதன்பின் சுற்றுப்புறத்தில் கட்டட அனுமதி பற்றி வழக்கும் தடையும் வந்தன. காக்க வேண்டிய இடம்தான், சந்தேகமில்லை. ஆனால் கோர்ட்டுத் தடையால் காப்பதில் ஒரு குறை உண்டு. எல்லை எது என்று முடிவாகும்வரை சிறு மனைக்காரனும் சிறு நிலக்காரனும் எதுவும் செய்ய முடியாமல் நிற்கிறார்கள். யாருக்கும் ஈடு கிடையாது. முன்கூட்டியே சட்டம் செய்து, எல்லை காட்டி, விலை கொடுத்திருந்தால் இந்த மனக்கசப்பு வந்திராது.

ஆகவே கேட்க வேண்டியது இதுதான். ஒவ்வொரு ஏரிச் சங்கிலிக்கும் ஒரு வாரியம், சட்டத்தின் மூலம். நீர்ப்பிடிப்பிலிருந்து கடைசி மதகின் வயல்வரை அதன் எல்லை. உறுப்பினர்களில் பாதிப்பேராவது ஆயக்கட்டுக்காரர்கள்; குத்தகைக்கு உழுகிறவரும் அதில் சேர்த்தி. 2000-ம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டம் நீரைப் பங்கிடும் சங்கங்களை ஏற்கெனவே உண்டாக்கியிருக்கிறது. அதைச் சற்று நீட்டினாலே இந்த வாரியத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும். கட்டடம் கட்டும் உரிமையை விருப்பப்பட்டவரிடம் விலைக்கு வாங்க வாரியத்துக்கு அதிகாரமும் பணமும் வேண்டும். கட்டாயம் கூடாது. வாரியத்தின் கணக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது கிராம சபையில் படிக்கப்பட வேண்டும்.

இது சட்டமன்றத்துக்கு வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருவள்ளூர், திருமழிசை, மீஞ்சூர் ஆகிய இடங்களைச் சுற்றிப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் போடும் வேலையை அரசு எடுத்திருக்கிறது. 1971-ம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டப்படி, இத்தகைய திட்டத்தின் வரைவு வெளியானால் ஆட்சேபணை சொல்ல அவகாசம் உண்டு. அந்த நோட்டீஸ் பத்திரிகையில் சின்ன எழுத்தில் வரும். நடவு நேரத்தில் வந்தால் யாரும் பார்க்க மாட்டோம். வரைவில் உங்கள் புல எண்ணுக்கு விவசாயம் என்று நிறம் பூசியிருக்கிறார்களா, குடியிருப்பு என்று பூசியிருக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. உங்கள் ஏரியின் வரத்துக் கால்வாய் கோடாகவாவது அதில் இருக்கிறதா என்பது இரண்டாவது.

மார்ச் 22-ம் தேதி உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டு நகலையும் வைத்துக்கொண்டு, ஏரிக்கு வரும் கால்வாய், போகும் கால்வாய், ஒவ்வொரு மதகின் கீழ் உள்ள ஆயக்கட்டு ஆகியவற்றின் புல எண்களைத் தீர்மானத்திலேயே எழுதி வைக்கலாம். பொதுவாக 'ஏரியைக் காக்க வேண்டும்' என்று எழுதும் தீர்மானத்தை எந்த ஆபீசும் பைலில் போட்டு மூடிவிடும். புல எண்ணோடு வந்தால் பதில் எழுதியாக வேண்டும்.